ஐயாறப்பரிடம் சேர்ந்த இசை: மகா வைத்தியநாத சிவன்

ஆற்றிலிருந்து முகந்து வரும் நீர்தான் யாகசாலையில் கடங்களில் நிரப்பப்பெறுகிறது. நூல் சுற்றி, மாவிலையும் தேங்காயும் கூர்ச்சமும் சாத்தி, மந்திரமும் ஆகுதியும் திருமுறை முழக்கமும் சேரக் காலபூசைகள் நிறைவெய்திய பின், அதே நீர் விமானத்தின் கலசத்தின் மேல் சொரியப்படுகிறது. கீழே நிற்கும் பதினாயிரம் மக்களும் அதன் ஒரு துளி தம் மேல் தெறிக்காதா என்று கை நீட்டுகின்றனர். ஒரு பாடகருடைய சாரீரமும் இத்தகையதே. அது யாரிடம் சென்று சேருகிறது என்பதைப் பொறுத்தே அதன் பெருமை அமைகிறது. இவ்வுண்மையைத் தம் வாழ்வின் நடுவில், ஒரு மன வேதனையின் வாயிலாக அறிந்து, அறிந்தபடியே நடந்து காட்டிய மகா புருஷர் வையைச்சேரி மகா வைத்தியநாத சிவன் ஆவார்.

தஞ்சை மாவட்டத்து வையைச்சேரியில் 1844-ஆம் ஆண்டு மே மாதம் 26-ஆம் நாள் அவர் தோன்றினார். தந்தையார் துரைசாமி ஐயர் என்றும் வழங்கப்பெற்ற பஞ்சநதையர், இசை வல்லவர். பஞ்சநதம் என்பது ஐந்து ஆறுகள் பாயும் திருவையாற்றைக் குறிக்கும் பெயர். பிற்காலத்தில் மகனுடைய பெரும்படைப்பு எந்த மூர்த்தியின் திருவடிக்குச் செல்ல இருந்ததோ அந்த மூர்த்தியின் திருநாமத்தையே தந்தை தாங்கியிருந்தார் என்பதை நினைக்க வியப்பாக இருக்கிறது. குழந்தைக்கு இட்ட வைத்தியநாதன் என்ற பெயரோ புள்ளிருக்குவேளூர்ப் பெருமானுடையது. தமையனார் இராமசாமி சிவனும் இசையிலும் தமிழிலும் வல்லவராகவே வளர்ந்தார். தம்பியின் புகழைச் சொல்லுமிடத்தெல்லாம் இந்தத் தமையனாரையும் சொல்லியே ஆகவேண்டும்; அவரை விட்டுச் சொன்னால் வரலாறு பாதியாகிவிடும்.

அவர் பிறந்த காலம் காவிரிக்கரைச் சங்கீதத்துக்கு ஒரு சந்தியாகாலம். சியாமா சாஸ்திரிகளும் முத்துசாமி தீட்சிதரும் முன்பே மறைந்துவிட்டனர். தியாகராஜ சுவாமிகள் 1847-இல் திருவையாற்றில் சித்தியடைந்தபோது வைத்தியநாதனுக்கு மூன்று வயதும் நிரம்பவில்லை. 1855-இல் தஞ்சை மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி இறக்க, அரசு கும்பினியார் வசமாயிற்று. அரண்மனை இருந்தது, அரண்மனைவாசிகளும் இருந்தனர், ஆயினும் வித்துவான்களைப் பரம்பரை பரம்பரையாகப் போற்றிவந்த அரசு இல்லாமற் போயிற்று. இனிக் கலையைக் காப்பவர் யார் என்ற கேள்வி அந்நாளில் ஒவ்வொரு வித்துவான் வீட்டிலும் எழுந்திருக்கும். சைவ மடங்களும் ஆலயங்களும் சமஸ்தானங்களும் தருமவான்களான செல்வர்களும் அந்தப் பாரத்தை ஏற்றுக்கொண்டதனாலேயே அந்த இசை நிலைத்தது.

சகோதரர்களுக்குக் குருவாக வாய்த்தவர் மானம்புச்சாவடி வேங்கடசுப்பையர். அவர் தியாகராஜ சுவாமிகளின் உறவினர்; அவரிடமே நேராகப் பயின்ற சீடர். அக்காலத்துக் குருகுல முறையில் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்பு சாரீரத்தைப் பண்படுத்துவதே பெரிய வேலை. விடியலுக்கு முன் எழுந்து, வரிசைகளை மூன்று காலத்திலும் சாதகம் செய்து, அகார சாதகத்தால் தொண்டையைத் திறந்து, மந்தரத்தில் அடிவயிற்றிலிருந்து நாதத்தை எழுப்பித் தாரத்தில் நடுங்காமல் நிற்கப் பழக வேண்டும். உணவில் ஒழுங்கு, பேச்சில் அளவு, உறக்கத்தில் நியமம் யாவும் இந்தச் சாதகத்தின் அங்கங்களே. ஒலிபெருக்கி இல்லாத நாள் அது. ஆயிரக்கணக்கானோர் கூடிய மடத்திலோ மண்டபத்திலோ கடைசி வரிசையில் தூணில் சாய்ந்திருப்பவர் காதிலும் சாகித்தியத்தின் எழுத்து எழுத்தாக விழ வேண்டுமானால், உயர்ந்த சுருதியில் தெளிவாகப் பாடும் ஆற்றல் வேண்டும். மூன்று ஸ்தாயியிலும் தடையின்றி உலவும் சாரீரம் வைத்தியநாதனுக்கு இயல்பிலேயே வாய்த்திருந்தது. அந்த இயற்கைச் செல்வத்தை அவர் சிறு பிராயத்திலிருந்தே நியமத்தால் காத்தார்.

அதே குருவிடம் பயின்ற மற்றொரு மேதை பட்டணம் சுப்பிரமணிய ஐயர். அவருக்கு அமைந்ததோ கனத்த, எளிதில் வளையாத சாரீரம். இடைவிடாத அசுர சாதகத்தால் அவர் அதனைத் தம் ஏவல் கேட்கச் செய்து, பின்னர் திருவையாற்றில் வாழ்ந்து பல பெரிய சீடர்களை உருவாக்கினார். ஒரே ஆசிரியர், இரண்டு வகைச் சாரீரம், இரண்டும் சிகரம் தொட்டன. குரலைப் பற்றிக் குறைப்படும் இளைஞர்களுக்கு இதைக் காட்டிலும் நல்ல செய்தி இல்லை.

பன்னிரண்டாம் பிராயத்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி அவர் பெயரையே மாற்றியது. தாமிரபரணிக் கரையிலுள்ள கல்லிடைக்குறிச்சியில் திருவாவடுதுறை ஆதீனத்தின் மடம் இருக்கிறது. அங்கே அப்போது எழுந்தருளியிருந்தவர் மேலகரம் சுப்பிரமணிய தேசிகர். தமிழிலும் வடமொழியிலும் சங்கீதத்திலும் நிறைந்த ஞானம் உடையவர். சிவகங்கையைச் சார்ந்த பெரிய வைத்தியநாதையர், சின்ன வைத்தியநாதையர் என்னும் புகழ்பெற்ற வித்துவான்களோடு இந்தச் சிறுவன் அவர் சந்நிதானத்தில் பாட நேர்ந்தது. வயதில் முதிர்ந்து, சபை பல கண்டவர்களுக்கு எதிரே காதில் கடுக்கன் ஆடும் ஒரு பாலகன்! சபையோர் அச்சத்தோடு கேட்டிருப்பர். பாலகனோ அஞ்சவில்லை. இராகத்தின் விரிவும் சுரத்தின் கட்டுப்பாடும் மூத்தோர் மெச்சும்படி அமைந்தன. கேட்டு உருகிய தேசிகர் அவருக்கு மகா என்னும் சிறப்பை அளித்தார். ஏற்கெனவே ஒரு பெரிய வைத்தியநாதரும் ஒரு சின்ன வைத்தியநாதரும் இருந்த சபையிலே மூன்றாமவர் மகா வைத்தியநாதர் ஆனார். அது முதல் அவர் வாழ்நாள் முழுவதும் வேறு பட்டம் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

அதன் பின் சமஸ்தானங்களின் அழைப்புகளுக்குக் குறைவில்லை. திருவனந்தபுரத்தில் ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் சமூகத்தில் கோயமுத்தூர் இராகவையரோடு பாடிய செய்தி இசையுலகில் பெரிதாகப் பேசப்பட்டது. இவ்வெற்றிகளை அடுக்கிக்கொண்டு போவதில் பயன் ஒன்றும் இல்லை. வித்துவான்களின் வரலாறுகளில் வாதும் வெற்றியும் மலிந்தே கிடக்கின்றன. வையைச்சேரிச் சகோதரர்களைத் தனித்துக் காட்டியது அவர்களுடைய சிவபக்தி. விபூதி உத்தூளனமும் உருத்திராக்கமும் சிவபூசையுமாக அவர்கள் வாழ்ந்த வாழ்வைக் கண்ட மக்கள், ஐயர் என்று சொல்வதற்குப் பதிலாகச் சிவன் என்றே வழங்கத் தலைப்பட்டனர். அவர்கள் சாகித்தியங்களில் வைத்த முத்திரையோ குகதாசன் என்பது. முருகனுக்கு அடியவன் என்று பொருள்படும் அந்த முத்திரையைச் சகோதரர் இருவரும் பொதுவாகவே கையாண்டனர். பாடல் ஒன்று யாருடையது என்ற வழக்கே அந்த வீட்டில் எழவில்லை போலும்.

இனிச் சொல்லவேண்டுவது அந்த மன வேதனையின் வரலாறு.

தஞ்சை மன்னர் சிவாஜியின் மருகர் சகாராம் சாகேப் என்பவர். அரசு போனபின்னும் அரண்மனையில் கலைஞர்களை ஆதரித்து வந்தவர். அவர் மீது லாவணி வேங்கடராவ் என்னும் புலவர் மராத்தி மொழியில் ஒரு நீண்ட சாகித்தியம் இயற்றினார். எழுபத்திரண்டு மேளகர்த்தா இராகங்களின் பெயர்களும் வரிசையாக அதில் வரும்படி அமைத்திருந்தார். பாட்டுடைத் தலைவர் சாகேப்பே. இதற்கு அந்தந்த இராகத்திலேயே மெட்டமைத்துத் தரவேண்டும் என்ற வேண்டுகோள் மகா வைத்தியநாத சிவனிடம் வந்தது.

இது எத்தகைய வேலை என்பதைச் சிறிது விளக்க வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சையில் வாழ்ந்த வேங்கடமகி, ஏழு சுரங்களின் பேதங்களைக் கொண்டு எழுபத்திரண்டு மேளங்களுக்கு இடமுண்டு என்று கணக்கிட்டுக் காட்டினார். அவற்றை ஆறு ஆறாகப் பன்னிரண்டு சக்கரங்களில் நிறுத்துவர். முதல் முப்பத்தாறும் சுத்த மத்திமம். பின் முப்பத்தாறும் பிரதி மத்திமம். சங்கராபரணம், கல்யாணி, தோடி போன்ற சில மேளங்களே யாவரும் பாடிப் பழகியவை. எஞ்சியவற்றுள் நாற்பது விவாதி மேளங்கள். அடுத்தடுத்து நிற்கும் சுரங்கள் ஒன்றோடொன்று முரணுவதால் அவற்றைப் பாடுவது தொண்டைக்கும் துன்பம், செவிக்கும் பழக்கமின்மை. பாடினால் தோஷம் என்று அஞ்சி ஒதுக்கிய வித்துவான்களும் உண்டு. ஏட்டில் எண்ணிக்கையாகக் கிடந்த அந்த மேளங்கள் அனைத்திற்கும் உயிர் கொடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தடுக்கி விழாமல் வழி நடத்திச் செல்வது, எத்தனை பெரிய வித்துவானையும் மலைக்கச் செய்யும்.

சிவன் மலைக்கவில்லை. மெட்டமைத்தார், அரண்மனையில் பாடினார், சாகேப் மகிழ்ந்து கௌரவித்தார். ஊர் புகழ்ந்தது. ஆனால் பாடியவர் நெஞ்சில் மட்டும் ஒரு முள் தைத்தது. இறைவன் அளித்த சாரீரத்தாலும் குரு அளித்த ஞானத்தாலும் ஆகிய இந்த அரிய மாலையை ஒரு மானிடருக்குச் சூட்டிவிட்டோமே என்று அவர் உள்ளம் வருந்தியது. அரசரைப் பாட மறுத்துத் தெய்வத்தையே பாடிய தியாகராஜ சுவாமிகளின் சீட பரம்பரையில் வந்தவர் அல்லரா! தம்மை ஆதரித்தவரிடம் அவருக்குக் கோபம் இல்லை. சாகேப் கேட்டது தவறும் அன்று; வித்துவான்களை வைத்துப் பாடச் செய்தல் அரண்மனைகளின் வழக்கமே. வருத்தம் முழுவதும் தம் மீதுதான்.

இந்த வருத்தத்துக்கு அவர் தேடிக்கொண்ட பரிகாரம் சிந்திக்கத்தக்கது. அந்த இசையையே மறந்து கைவிட்டிருக்கலாம். விரதம் பூண்டு தலயாத்திரை போயிருக்கலாம். அவரோ எழுபத்திரண்டு இராகங்களின் கட்டமைப்பையும் கைக்கொண்டு, வடமொழியில் புதிய சாகித்தியம் அமைத்து, திருவையாற்றில் அறம் வளர்த்த நாயகியோடு எழுந்தருளியிருக்கும் ஐயாறப்பரின் திருவடியில் சேர்த்துவிட்டார். வணங்குவோரின் துன்பத்தைத் துடைப்பவன் என்று பொருள்படும் பிரணதார்த்திஹரன் என்பது அப்பெருமானுடைய திருநாமம். அந்தத் திருநாமத்தைச் சொல்லி அழைத்தே மேளராகமாலிகை தொடங்குகிறது. துன்பம் துடைக்க வேண்டி வணங்கியவர்களுள் முதல்வர் அதைப் பாடியவரே.

பல்லவி ஸ்ரீராகத்தில் அமைந்துள்ளது. அப்பால் கனகாங்கியில் தொடங்கி ரசிகப்பிரியா வரையில் எழுபத்திரண்டு இராகங்களும் முறை பிறழாது வருகின்றன. ஒவ்வோர் அடியிலும் அந்த இராகத்தின் பெயர் பெருமானுடைய புகழுக்குள்ளேயே ஒளிந்து நிற்கும். பெயரை நுழைப்பதற்காகப் பொருள் வளைந்ததாகத் தோன்றாது. அடியைத் தொடரும் சிட்டைஸ்வரம் அடுத்த இராகத்துக்குக் கதவு திறந்துவிடும். ஐயாற்றில் கயிலைக் காட்சி கண்டவர் திருநாவுக்கரசர். கண்ட பொருள் அனைத்தையும் அவர் சிவமும் சக்தியுமாகவே கண்டார். இசையில் உள்ள தாய் இராகங்கள் அனைத்தையும் அதே ஐயாற்றில் ஒரே மூர்த்தியின் புகழாகக் கண்டது அக்காட்சியின் தொடர்ச்சி என்று அன்பர்கள் கொள்வதில் தவறில்லை. மராத்தி சாகித்தியத்தின் செய்தியை இன்று ஆராய்ச்சியாளர்களே அறிவர். ஐயாறப்பர் மீதான மாலையோ நூறாண்டுகளுக்குப் பின்னரும் வித்துவான்களின் நாவில் இருக்கிறது. எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் அதனை இசைத்தட்டில் பாடியதனால், சங்கீதப் பயிற்சி இல்லாத இல்லங்களிலும் அது ஒலித்தது.

அவர் இயற்றியவை எண்ணிக்கையில் மிகுதி அல்ல. ஜனரஞ்சனி இராகத்தில் இராஜராஜேசுவரி அம்பிகை மேல் அமைந்த கீர்த்தனம் எளிமையும் விறுவிறுப்பும் உடையது. அதற்கு நேர்மாறாக, கௌரீ நாயகனைப் போற்றும் கானடா இராகத் தில்லானா சிம்மநந்தன தாளத்தில் அமைந்தது. ஓர் ஆவர்த்தத்துக்கு 128 அட்சரங்கள் கொண்ட அத்தாளம் நூற்றெட்டுத் தாளங்களுள் மிக நீண்டது. கணக்கில் பிழை நேராமல் அதனைப் பாடுவதே அரிது. அதில் பக்தியும் குறையாமல் பாடுதல் அதனினும் அரிது.

சிவனடியார்களுக்குச் சகோதரர்கள் செய்த தொண்டுகளுள் தலையாயது பெரிய புராணக் கீர்த்தனை. சேக்கிழார் பெருமான் தில்லையில் அரங்கேற்றிய திருத்தொண்டர் புராணம் அறுபத்துமூன்று தனியடியார்களும் ஒன்பது தொகையடியார்களும் நிறைந்த பெருங்கடல். புலவர்கள் அதில் மூழ்கி மகிழ்வர்; எழுத்தறியாத குடியானவருக்கும் பெண்டிருக்கும் அது எட்டுவது எவ்வாறு? கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரத்தைக் கீர்த்தனமாக்கி ஒரு வழி காட்டியிருந்தார். இராமசாமி சிவனோ அடியார்கள் அனைவருடைய வரலாறுகளையும் கீர்த்தனங்களாக இயற்றும் பெரும்பணியை மேற்கொண்டார். தமையனார் தமிழ் தந்தார். தம்பியார் குரல் தந்தார். இருவரும் சேர்ந்து கதாகாலட்சேபமாக நிகழ்த்தியபோது, சங்கீதம் கேட்க வந்தவர்கள் அடியார் வரலாறும், வரலாறு கேட்க வந்தவர்கள் சங்கீதமும் பெற்றுச் சென்றனர்.

பெரிய புராணம் பாடகர் ஒருவருக்குத் தனிச் சிறப்பு வாய்ந்தது என்பதும் உண்மை. ஆனாய நாயனார் குழலில் ஐந்தெழுத்தை ஊதியே முத்தி பெற்றவர். திருநீலகண்ட யாழ்ப்பாணர் ஞானசம்பந்தப் பிள்ளையாரோடு தலந்தோறும் சென்று யாழ் வாசித்தவர். தருமபுரத்தில் பிள்ளையாருடைய பாட்டு தம் கருவியில் அடங்காதது கண்டு அதனை முறிக்கவும் துணிந்தவர். சுந்தரமூர்த்தி நாயனார் சேரமான் பெருமாளோடு வந்து நின்றபோது காவிரி விலகி வழிவிட்டதும் திருவையாற்றுக்கு எதிரேதான். அந்த ஆற்றைச் சிறு வயதிலிருந்து கண்டு வளர்ந்த ஒருவர் அந்த வரலாற்றைப் பாடும்போது கேட்டவர் எத்தகைய பேறு பெற்றவர்! திருவாவடுதுறையில் அவருடைய பாட்டைக் கேட்டு மகிழ்ந்தவர்களுள் ஒருவர் பிற்காலத்தில் மகாமகோபாத்தியாயராக விளங்கிய உ. வே. சாமிநாதையர். பழந்தமிழ் நூல்களைக் காத்த அந்தப் பெரியாரே, இந்த இசைவாணரின் வரலாற்றையும் தனி நூலாக எழுதிக் காத்தார்.

1893-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் நாள், தை மாதத்தில், ஐம்பது வயதும் நிரம்பாத நிலையில் மகா வைத்தியநாத சிவன் சிவபதம் அடைந்தார். இந்தியாவில் இசைத்தட்டுப் பதிவு தொடங்கியது 1902-இல். ஒன்பது ஆண்டுகள் முந்திவிட்டன. கல்லிடைக்குறிச்சி மடத்தை நிறைத்த அந்த நாதத்தின் ஓர் இழைகூடக் கருவியில் பிடிபடவில்லை. கேட்டவர்கள் சொல்லக் கேட்டே பின்னோர் அறிகின்றனர்.

ஆயினும் அவரிடம் பாடம் கேட்டவர்கள் இருந்தனர். உமையாள்புரம் சுவாமிநாதையர் முதலில் அவரிடம் பயின்று, பிறகு தியாகராஜ சுவாமிகளின் நேர்ச்சீடர்களான உமையாள்புரம் கிருஷ்ண பாகவதர், சுந்தர பாகவதர் இருவரிடமும் பாடாந்தரம் பெற்றார். அவரிடம் கற்றவர் மகாராஜபுரம் விசுவநாதையர். மற்றொரு சீடரான சபேசையர் தில்லையை அடுத்த அண்ணாமலை நகரின் இசைக் கல்லூரியில் தலைமை ஏற்று மாணவர்களைப் பயிற்றினார். முசிறி சுப்பிரமணிய ஐயர் அந்தச் சபேசையரின் சீடர். உருக்கமான நிரவலுக்குப் பேர் போன முசிறியார், பின்னர் சென்னையில் அரசினர் கர்நாடக இசைக் கல்லூரியின் தலைவராக அமர்ந்து பல பாடகர்களை உருவாக்கினார். வையைச்சேரி வீட்டில் விடியலில் தம்பூராவின் முன் அமர்ந்து பழகிய சாதகம் இவ்வாறு கைமாறிக் கைமாறி, அங்கிருந்து தில்லைக்கும் சென்னைக்கும் சென்றது. திருவையாற்றில் சித்திரைத் திங்கள் தோறும் ஐயாறப்பர் திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்னும் தலங்களுக்குப் பல்லக்கில் எழுந்தருளித் திரும்பும் ஏழூர்த் திருவிழா நடைபெற்று வருகிறது.